வெள்ளக்காலத்தில் பரிசலைக் கரையேற்றி வைப்பது: முழுமையான வழிகாட்டி

கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறும். ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை வரும். தடை நாலு நாளில் நீங்கலாம், ஒரு மாதமும் நீளலாம். ஆடிப்பெருக்குக் கூட்டம் வரும் நேரத்தில்கூடப் பரிசல்கள் கரையில் கிடக்கும் ஆண்டுகள் உண்டு. நாகமரை, ஒட்டனூர் பக்கம் மேட்டூர் அணை நீர்ப்பரப்பில் மீன்பிடிக்கிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அவர்கள் பரிசல் ஓய்வது, நீர்மட்டம் இறங்கிக் கரை வெகுதூரம் உள்வாங்கிவிடும் கோடையில். ஆக தருமபுரி மாவட்டத்தில் பரிசலுக்கு இரண்டு ஓய்வுக்காலம்: ஒன்று மழையில், இன்னொன்று வெயிலில். இரண்டிலும் கெடும் விதம் வேறு. முன்னேற்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்.

வழக்கமாக நடப்பது என்ன? பரிசலை இழுத்து மேட்டில் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். மறுபடி எடுக்கும்போது அடிப்பத்தைகள் (கூடு முடையும் மூங்கில் பிளாச்சுகள்) கறுத்திருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். வாய்வட்டம் முட்டை வடிவத்தில் கோணியிருக்கும். தார் ஒரு பக்கம் வழிந்து, மறு பக்கம் ஆமை ஓடு போல வெடித்திருக்கும். ஆற்றில் மூன்று மாதம் ஓடியதால் வராத சேதம், கரையில் மூன்று வாரம் கிடந்ததால் வந்துவிடும்.

காரணம் பரிசலின் அமைப்பிலேயே இருக்கிறது. வெளிப்பக்கம் முழுக்கச் சாக்கும் தாரும் மூடியிருப்பதால் அந்த வழியாக ஈரம் உள்ளே வராது, வெளியே போகவும் முடியாது. மூங்கில் குடித்த நீர் வெளியேற இருக்கும் ஒரே வழி உள்பக்கம். ஈரப் பரிசலைத் தரையோடு தரையாகக் கவிழ்த்தால் அந்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிறோம். உள்ளே வெப்பமும் ஈரமும் சேர்ந்து பூஞ்சைக்கு வளர்ப்புப் பெட்டி ஆகிவிடும். பரிசல் உள்பக்கமாக மட்டுமே மூச்சு விடுகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் ஏன் அப்படி என்று தானே புரியும்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் வாய் 7½ அடி விட்டம், ஆழம் 2 அடி உள்ள மூங்கில் பரிசலுக்குக் கணக்கிட்டவை. உங்கள் பரிசல் பெரிதானால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் இடம்

2018 ஆகஸ்டில் ஒகேனக்கல்லில் நீர்வரத்து விநாடிக்கு 2 லட்சம் கன அடியைத் தாண்டியது. அந்த வெள்ளம் எந்தப் பாறை, எந்தச் சுவர் வரை வந்தது என்பது ஊட்டமலையில் பெரியவர்களைக் கேட்டால் விரல் நீட்டிக் காட்டுவார்கள். அந்த அடையாளத்துக்கு மேலே இருப்பதுதான் இடம். அதற்குக் கீழே எங்கே வைத்தாலும் அது தற்காலிகம்தான், எவ்வளவு கயிறு போட்டாலும் சரி.

உயரத்துக்கு அடுத்தது நிழலும் காற்றும். புளி, புங்கன், வேம்பு நிழல் நல்லது. பால் வடியும் மரத்தடி வேண்டாம். காய்ந்த கொம்பு தொங்கும் மரத்தடியும் வேண்டாம். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சுவரும் பரிசலும் சந்திக்கும் இடுக்கில் காற்று ஓடாது, கரையான் ஏறுவதற்கும் சுவர் வழி கொடுக்கும். நாலு பக்கமும் ஒரு ஆள் சுற்றி வர இடம் வேண்டும்.

நிழலே இல்லையென்றால் நாலு கம்பு நட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். கீற்று வெயிலைத் தடுக்கும், காற்றை விடும். பரிசல் மேல் பிளாஸ்டிக் தார்ப்பாயை ஒட்டிப் போர்த்துவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பகலில் உள்ளே புழுங்கி, இரவில் அடியில் நீர் கோக்கும். தார்ப்பாய்தான் இருக்கிறது என்றால் பரிசலுக்கு மேலே ஓரடியாவது இடைவெளி விட்டுக் கூரை போலக் கட்டுங்கள், பக்கங்களை மூடாதீர்கள்.

கழுவுதல்

உள்ளே போட்டிருக்கும் சாக்கு, பிளாஸ்டிக் விரிப்பு, உட்காரும் பலகை எல்லாவற்றையும் எடுங்கள். பத்தைகள் ஒன்றையொன்று தாண்டும் குறுக்குமூட்டுகளில் மணலும் வண்டலும் அடைத்திருக்கும். அந்த வண்டல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பஞ்சு போன்றது. கை படாத மூட்டுகளை முனை மழுக்கிய மூங்கில் குச்சியாலும், பழைய துணி துவைக்கும் பிரஷ்ஷாலும் கிளறி, வாளி வாளியாக ஊற்றி வெளியேற்றுங்கள். கம்பி, ஸ்க்ரூடிரைவர் போட்டுக் குத்தினால் சாக்கில் ஓட்டை விழும்.

மீன் பரிசலானால் இந்த வேலையில் அவசரமே கூடாது. செதிலும் மீன் வழவழப்பும் ஒட்டிய இடத்தை எலி தேடி வரும். மூங்கிலோடு சேர்த்துச் சாக்கையும் கடித்துவிடும். ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் இரண்டு கை சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, பிறகு மூன்று முறை வெறும் நீரால் அலசுங்கள். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரை பொங்கும் நீரில் ஓடிய பரிசலை ஆற்றுநீரில் அலசி முடித்துவிடக் கூடாது, குழாய் அல்லது கிணற்று நீர்தான் சரி.

வெளிப்பக்கத் தாரைத் தேய்க்க வேண்டியதில்லை. ஒட்டிய பாசியை மரச்சட்டத்தின் விளிம்பால் வழித்தால் போதும்.

வட்டத்தைச் சரிபார்க்க இதுதான் நேரம்

பலரும் கோணலைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். அப்போது மூங்கில் காய்ந்து இறுகிவிட்டிருக்கும், இழுத்தால் முறியும். மூங்கில் ஈரமாக இருக்கும்போது வளையும், வளைந்த நிலையிலேயே காய்ந்தால் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். எனவே கழுவி முடித்த அன்றே அளவுநாடா பிடியுங்கள்.

வாயின் குறுக்கே ஒரு விட்டம், அதற்கு நேர் குறுக்காக இன்னொரு விட்டம் எடுங்கள். பிறகு இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தில் இன்னும் இரண்டு எடுங்கள். நாலு அளவும் ஒன்றுக்கொன்று ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் கவலையில்லை. இரண்டு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால், நீளமான விட்டத்தின் இரு முனையையும் 8 மில்லிமீட்டர் நைலான் கயிற்றால் இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு கட்டையைச் செருகி முறுக்குங்கள். நாளுக்கு அரை அங்குலத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அளவு சரியான பிறகும் கயிற்றை அவிழ்க்காமல், பரிசல் முழுக்கக் காயும் வரை அப்படியே விடுங்கள். கோணிய பரிசல் நேராக நிற்காது, சுழலில் ஒரு பக்கம் தாழும். துடுப்புப் போடுகிறவரின் தோள்பட்டைதான் அந்தக் கோணலுக்கு ஈடுகொடுக்கும்.

காய வைத்தல்

எல்லா வேலையிலும் இதுதான் பெரிய வேலை, எல்லோரும் குறைத்துச் செய்கிற வேலையும் இதுதான்.

முதல் நாள், பரிசலை ஒரு மரத்தின் மேல் சாய்த்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். தரையில் படும் இடத்தில் இரண்டு கட்டை கொடுங்கள். அடிக்குழியில் தேங்கிய நீர் வாய்வட்டம் வழியாக வடியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கால் வட்டம் உருட்டி விட்டால், வாய்வட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் நீரும் இறங்கும். வாய்வட்டம் பல பத்தைகளைச் சேர்த்துக் கட்டிய கற்றை, அதற்குள்தான் நீர் கடைசி வரை தங்கும்.

இரண்டாம் நாளிலிருந்து தாங்கிகளின் மேல் கவிழ்த்து வையுங்கள். தாங்கி ஒன்றரை அடி உயரமாவது இருக்கட்டும். ஹாலோ பிளாக் கல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலே அந்த உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போக வேண்டும். தினமும் காலையில் ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, மழை இல்லையென்றால், உள்பக்கம் கிழக்கே பார்க்கும்படி சாய்த்து இளவெயில் காட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். உச்சி வெயிலில் பத்தையின் மேற்பரப்பு சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், நீளவாக்கில் வெடிப்பு விழும். வெளியே தாரும் இளகும்.

எத்தனை நாள் என்பது காற்றைப் பொறுத்தது. ஆடிக்காற்று வீசினால் பத்து நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் மூன்று வாரமானாலும் போதாது. தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேல்தோல் முதல் நாளே காய்ந்துவிடும். எடை பார்ப்பதே உறுதியான வழி. வாய்வட்டத்தில் மூன்று இடத்தில் கயிறு கட்டி, மரக்கிளையில் தொங்கும் தராசில் மாட்டுங்கள். 100 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு போதும். முதல் நாள் எடையைச் சுவரில் எழுதி வையுங்கள். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை எடை குறையாமல் நின்றால்தான் காய்ந்தது என்று பொருள். மூங்கிலில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பூஞ்சை வளர முடியாது. நாம் எட்ட வேண்டிய இடம் அதுதான்.

கூட்டைப் பார்ப்பது

காய்ந்த பிறகு ஒவ்வொரு பத்தையையும் நகத்தால் அழுத்தி, சிறு கட்டையால் தட்டிப் பாருங்கள். நல்ல பத்தை கணீரென்று பேசும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். கறுத்திருந்தாலே கெட்டது என்று எடுத்துவிட வேண்டாம், மேலோட்டமான பூஞ்சைக் கறை சுரண்டினால் போய்விடும். நகம் உள்ளே இறங்கினால்தான் மாற்ற வேண்டும்.

அடிப்பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு பத்தை போயிருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். தள்ளித் தள்ளி ஒன்றிரண்டு என்றால் பக்கத்திலேயே துணைப்பத்தை ஒன்றைச் செருகிக் கட்டினால் போதும். புதுப் பத்தைக்குக் கல்மூங்கில் நல்லது, மூன்று நாலு வயதானதாக இருக்க வேண்டும். மூங்கிலில் உள்ள மாவுச்சத்துதான் வண்டுக்குச் சோறு. பிளந்த பத்தையை ஓடும் நீரில் இரண்டு மூன்று வாரம் அமிழ்த்தி வைத்தால் மாவுச்சத்து பெருமளவு கரைந்து போகும். அதை எடுத்து நிழலில் காய வைத்துப் பயன்படுத்துங்கள். வளைக்கும் நாளில் மறுபடி நனைத்துக்கொள்ளலாம்.

வாய்வட்டக் கட்டுகளில் விரல் நுழைகிற அளவு தளர்வு இருந்தால் அவிழ்த்துப் புதிதாகக் கட்டுங்கள். மூங்கில் காய்ந்து சுருங்கிய பிறகு கட்டுவது நல்லது, நீரில் ஊறியதும் கட்டு தானே இறுகும். ஈரத்தில் இறுக்கிக் கட்டியது காய்ந்ததும் தளரும்.

ஓட்டை தேடுதல்

நல்ல வெயில் நேரத்தில் கவிழ்த்த பரிசலுக்குள் ஒருவர் நுழைந்து குந்த வேண்டும். வாயைச் சுற்றிப் போர்வை, சாக்கு தொங்கவிட்டு இருட்டாக்குங்கள். கண் பழக இரண்டு நிமிடம் பொறுங்கள். ஊசி முனை ஓட்டையானாலும் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். உள்ளிருந்து குச்சியால் தொட்டுத் தட்ட, வெளியே நிற்பவர் அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிடட்டும். வெளிச்சம் தெரியாத கசிவுகளுக்கு, வெளியிலிருந்து இரண்டு குடம் நீரை மெதுவாக ஊற்றி உள்ளே எங்கே நனைகிறது என்று பார்க்கலாம். இந்தச் சோதனை செய்தால் தார் போடுவதற்கு முன் மறுபடி இரண்டு நாள் காய விடுங்கள்.

தார்: இப்போது எவ்வளவு, பிறகு எவ்வளவு

கரையேற்றும்போது முழுத் தார் பூசக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஓட்டைகளை மட்டும் அடையுங்கள். முழுப்பூச்சு திரும்ப நீரில் இறக்குவதற்கு முன் வாரம்தான். புதுத் தாரை மாதக்கணக்கில் வெயிலுக்கும் காற்றுக்கும் காட்டினால், ஆற்றைப் பார்ப்பதற்குள்ளேயே அது கிழடாகிவிடும். இறுகி வெடிப்பது அதனால்தான். மேலும், மூங்கிலுக்குள் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தால் தார் அதைப் பூட்டி வைத்துவிடும்.

எந்தத் தார் என்பதும் முக்கியம். சாலைக்குப் போடும் விஜி-30 தார் 47 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கலாம். வெயிலில் கிடக்கும் கறுப்புப் பரப்பு அந்தச் சூட்டை எளிதில் எட்டும். அதனால்தான் கோடையில் தார் வழிகிறது. கூரை, நீர்த்தொட்டி வேலைக்கு விற்கும் 85/25 வகைத் தார் 85 டிகிரியை ஒட்டித்தான் இளகும். விலை கூடுதல். அது மட்டும் போட்டால் குளிர்ந்த நீரில் விறைத்து, பாறையில் இடிக்கும்போது வெடிக்கும். சாலைத் தார் இரண்டு பங்கு, 85/25 ஒரு பங்கு என்று கலந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். கோடை முழுக்க வெயிலில் கிடக்கப்போகும் பரிசலுக்குச் சரிபாதி.

அளவு: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கனம் பூச ஏறக்குறைய ஒரு கிலோ தார் ஆகும். நாம் எடுத்துக்கொண்ட அளவுப் பரிசலின் வெளிப்பரப்பு சுமார் ஏழரைச் சதுர மீட்டர். ஒரு முழுப்பூச்சுக்கு 8 கிலோ, சிந்துவதையும் சேர்த்து 10 கிலோ வாங்குங்கள். ஓட்டை அடைக்க மட்டும் ஒன்றரைக் கிலோ போதும்.

ஒட்டுப் போடும் முறை இது. ஓட்டையைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு மணல், பொடித்த பழைய தார் இரண்டையும் தேய்த்து எடுங்கள். கிழிந்த சாக்கின் நூல்களைக் கத்தரித்துச் சமமாக்குங்கள். ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் நாலு விரல் பெரிதாக, மூலைகளை உருட்டி, உரச்சாக்கிலிருந்து ஒட்டுத்துண்டு வெட்டுங்கள். கூர்மூலை வைத்தால் பாறை உரசி அங்கிருந்துதான் பிய்யும். அடியில் தாரைத் தடவி, துண்டை வைத்து, ஈரத்துணி சுற்றிய கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். ஆறியதும் மேலே ஒரு பூச்சு. கடைசியாகச் சலித்த ஆற்றுமணலை ஒரு கை தூவிவிட்டால் ஒட்டாமல் இருக்கும், வெயிலையும் கொஞ்சம் தாங்கும்.

இங்கே பலர் தவறுவது தாரின் சூட்டில். உரச்சாக்கு நெய்த பிளாஸ்டிக். அதில் ஒரு வகை 130 டிகிரியை ஒட்டியே உருகிவிடும், இன்னொரு வகை 160-ஐத் தாண்டி உருகும். கொதிக்கும் தாரை நேரே ஊற்றினால் சாக்கு சுருங்கி, ஒட்டுக்குப் பதிலாகப் புது ஓட்டைதான் கிடைக்கும். அடுப்பிலிருந்து இறக்கி, புகை அடங்கி, தேன் போல ஒழுகும் நிலை வரை பொறுங்கள். முதலில் ஒரு வெட்டுத்துண்டில் தடவிப் பாருங்கள். துண்டு சுருண்டால் இன்னும் ஐந்து நிமிடம் ஆறட்டும்.

தார் காய்ச்சும்போது:

- பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஈரமான தார்க்கட்டி, ஈரக் கரண்டி, ஒரு துளி மழை எது விழுந்தாலும் நீர் ஆவியாகிப் பொங்கி வெளியே வழியும், தீப்பிடிக்கும்.
- பக்கத்தில் பொருத்தமான மூடியும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். தாரில் தீப்பிடித்தால் மூடி போட்டு அணைக்க வேண்டும். நீர் ஊற்றினால் எரியும் தார் நாலு பக்கமும் தெறிக்கும்.
- இளக்குவதற்காகச் சூடான தாரில் மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஆவி பற்றிக்கொள்ளும். பற்றாமல் தப்பினாலும் அந்தத் தார் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும்.
- முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு, தோல் கையுறை. குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.
- தோலில் பட்டுவிட்டால் உடனே குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். ஒட்டிய தாரைப் பிய்க்காதீர்கள், தோலோடு வரும். அப்படியே பென்னாகரம் அரசு மருத்துவமனைக்கோ, உங்களுக்கு அருகில் உள்ள மருத்துவமனைக்கோ போங்கள்.

வண்டும் கரையானும்

ஈர மூங்கிலைப் பூஞ்சை தின்னும், காய்ந்த மூங்கிலை வண்டு தின்னும். காய வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார முடியாது. பத்தையில் குண்டூசித் தலை அளவு துளையும், அடியில் மாவு போன்ற வெள்ளைத் தூளும் தெரிந்தால் வண்டு உள்ளே இருக்கிறது.

வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் மலிவானது, நல்ல பலன் தருவது. பத்து லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெங்காரம், 200 கிராம் போரிக் அமிலத் தூள் போட்டு, முழுக்கக் கரையும் வரை கிளறுங்கள். ஆறியதும் உள்பக்கப் பத்தைகள், மூட்டுகள், வாய்வட்டம் எல்லாவற்றிலும் பிரஷ்ஷால் தோய்த்துப் பூசுங்கள். வெட்டுமுனைகளில் இரண்டு மூன்று தடவை விடுங்கள், அங்குதான் அதிகம் குடிக்கும். ஒரு நாள் விட்டு இன்னொரு பூச்சு, பிறகு மூன்று நாள் காய விடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மிச்சக் கரைசலை ஆற்றிலோ கிணற்றடியிலோ செடிகளுக்கோ கொட்டக் கூடாது. இந்த மருந்து நீரில் கரைந்து போகும் தன்மை உள்ளது, பரிசல் ஆற்றில் இறங்கினால் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். எனவே ஒவ்வொரு ஓய்வுக்காலத்திலும் புதிதாகப் பூச வேண்டும்.

வேப்பெண்ணெய் பூசுவோரும் உண்டு. வாசனை இருக்கும் வரை கொஞ்சம் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே போன வண்டை அது ஒன்றும் செய்யாது. பழைய இன்ஜின் ஆயில் பூசுவதை விட்டுவிடுங்கள். அது அடுத்த பருவத்தில் ஆற்றில்தான் படலமாக மிதக்கும். நாம் பிழைப்பது அந்த ஆற்றை வைத்து, ஊர்கள் குடிப்பதும் அதே நீர்.

வைக்கும் விதம்

வாய்வட்டம் கீழே, அடிப்பக்கம் மேலே, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். தாங்கிகள் ஆறு. வாய்வட்டத்தின் சுற்றளவு இருபத்துமூன்றரை அடி வரும், ஆகவே நாலடிக்கு ஒன்று. இரண்டு கல்லில் வைத்தால் நடுப்பகுதி தொய்ந்து வட்டம் முட்டையாகும். எல்லாத் தாங்கியும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ஒரு நீளக் கயிற்றை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு தாங்கியின் மேலும் பழைய டயர்த்துண்டு ஒன்று வையுங்கள்.

கரையான் கல்லின் மேல் மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏற முடியும். தாங்கி தனியாக நின்றால் அந்தக் குழாய் கண்ணில் படும், தட்டிவிடலாம். அடியில் புல், சருகு, விறகு எதையும் சேர்க்காதீர்கள்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். காய்ந்த பரிசலை ஒரே ஆள் முதுகில் கவிழ்த்துச் சுமந்து போகலாம் என்றால், அடியில் காற்று நுழைந்தால் அது என்ன ஆகும் என்று பாருங்கள். 10 மில்லிமீட்டர் கயிறு இரண்டை மேலே குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, நாலு முனையையும் மரத்திலோ இரண்டடி ஆழம் அடித்த முளையிலோ கட்டுங்கள். கயிறு தாரில் புதையாமல் இருக்க, படும் இடங்களில் மடித்த சாக்கு கொடுங்கள். கல்லை மேலே ஏற்றி வைக்கும் பழக்கம் வேண்டாம். அடிப்பத்தை உள்வாங்கிக் குழி விழும், அந்தக் குழியில் மழைநீர் நிற்கும்.

இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதானால் இரண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் கட்டைகள் கொடுத்து மூன்று அங்குலமாவது இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது சாக்கோடு கிழியும்.

துடுப்பும் மிதவை அங்கியும்

துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்தால் மாதத்தில் வளைந்துவிடும். படுக்கையாக, இரண்டு ஆணியில் அல்லது பரணில் வையுங்கள். நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகப் பூசி, அரை மணியில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள். கடலை எண்ணெய் காயாது, பிசுக்காகி எலியைக் கூப்பிடும்.

மிதவை அங்கிகளை நல்ல நீரில் அலசி, நிழலில் ஹேங்கரில் காய வைத்து, அப்படியே தொங்கவிடுங்கள். மடித்து மூட்டையாகக் கட்டி மேலே சுமை ஏற்றினால் உள்ளே உள்ள ஃபோம் தட்டையாகி, மிதக்கும் சக்தி குறையும். விரலால் அழுத்தி விட்டால் உடனே எழும்ப வேண்டும். எழும்பாததை, கொக்கி உடைந்ததை, வார் நைந்ததை அடுத்த பருவத்துக்கு வைத்திருக்காதீர்கள். அது ஓர் உயிரின் கணக்கு.

ஃபைபர் பரிசலானால்

கிருஷ்ணகிரி அணை போன்ற நீர்த்தேக்கங்களில் ஃபைபர் பரிசல் வைத்திருப்பவர்களுக்கு வண்டும் கரையானும் இல்லை. வெயில்தான் எதிரி. மேல்பூச்சு வெளுத்து மாவாகக் கையில் ஒட்டினால் நிழல் போதவில்லை என்று அர்த்தம். வெடிப்பைச் சரிசெய்ய, சுற்றி மூன்று அங்குலம் சரிவாகத் தேய்த்து, நன்கு காயவிட்டு, 450 கிராம் கண்ணாடி இழைப்பாய் இரண்டு அடுக்கு போடுங்கள். இழையின் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் ஆகும். நம்மூர் வெயிலுக்கு ஹார்டனர் ஒரு சதவீதம், அதாவது ஒரு கிலோ ரெசினுக்குப் பத்து கிராம், போதும். கூடினால் பூசும் முன்பே கட்டியாகும். கோபால்ட்டையும் (ரெசின் இறுகுவதை விரைவாக்கும் திரவம்) ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி முடித்த பிறகே ஹார்டனர். முடிந்தால் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினையே கேட்டு வாங்குங்கள்.

படகில் சிறு பெட்ரோல் மோட்டார் இருந்தால், டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுத்து உள்ளே துருப்பிடிக்கும். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, கயிற்றை நாலு முறை மெதுவாக இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். கியர் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்றாமல் வைக்காதீர்கள்.

கிடக்கும் நாட்களில்

முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அடியில் கை நீட்டும் முன் நீளக் குச்சியால் தட்டுங்கள். பாம்புக்கும் தேளுக்கும் அதைவிட வசதியான நிழல் கிடையாது. தரையில் வெள்ளைத் தூள், கல்லில் மண்குழாய், எலிப் புழுக்கை, கயிறு தளர்வு, நாலு விட்டங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். தூள் கண்டால் பழைய தூளைத் துடைத்துவிட்டு இரண்டு நாளில் மறுபடி பாருங்கள். புதுத் தூள் விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. துளைகள் ஒன்றிரண்டு என்றால் ஊசி இல்லாத சிரிஞ்சால் வெங்காரக் கரைசலைத் துளைக்குள் செலுத்துங்கள். பத்தை முழுக்கத் துளையென்றால் வெட்டி எடுத்து எரித்துவிடுங்கள். ஆயுதபூசைக்குத் துடுப்பைக் கழுவிப் பொட்டு வைக்கும் அன்று பரிசலையும் ஒரு முழுச் சுற்றுப் பார்த்துவிட்டால் ஒரு தடவை கணக்கில் ஏறிவிடும்.

மறுபடி நீரில்

தடை நீங்கும் என்று தெரிந்ததும், மழை இல்லாத இரண்டு நாள் பார்த்து முழுத் தார் பூசுங்கள். மெல்லிசாக இரண்டு கை பூசுவது, தடியாக ஒரு கை பூசுவதைவிட நல்லது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இரவு. மறுநாள் கரையோரம் ஆழமில்லாத இடத்தில் இறக்கி, கயிற்றில் கட்டி, ஆறு மணி நேரம் வெறுமனே மிதக்கவிடுங்கள். காய்ந்த மூங்கில் நீர் குடித்து உப்பும், கட்டுகள் இறுகும். முதல் ஒரு மணி நேரம் லேசாக ஈரம் தெரிவது இயல்பு. ஒரே இடத்தில் தொடர்ந்து நீர் ஊறினால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. எடுத்துக் காயவைத்து மறுபடி போடுங்கள்.

பிறகு துடுப்புப் போடுகிறவர்கள் இருவரோ மூவரோ ஏறி, கரையை ஒட்டியே அரை மணி ஓட்டிப் பாருங்கள். நாலு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து, வாய்வட்டம் நீரிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். இதெல்லாம் சரியாக இருந்த பிறகே சவாரிக்கு ஆளை ஏற்றுங்கள்.